பதினொன்னு ஐம்பத்தொன்பது

‘முடியும் நேரம், தொடங்கும் நேரத்துக்குப் பிறகுதான் இருக்கணும்.’ நீங்களும் ஏதாவது ஒரு ஆப்ல இப்படி ஒரு செக் எழுதியிருப்பீங்க. ஒரே ஒரு இஃப் வரிதான். என் ஃபைனல் இயர் புராஜெக்ட்ல நானும் எழுதினேன்.

என் மாமா காரைக்கால்மேட்டில் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். கடலுக்குள்ள கொஞ்ச தூரம் போனாலே சிக்னல் கிடையாது. அதனால கிளம்பும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் ஆப்ல போட்டுட்டுப் போகணும். திரும்பும் நேரம் தாண்டியும் ‘வந்துட்டேன்’ பட்டனை அமுக்கலைன்னா வீட்டுக்கு எச்சரிக்கை வரும். இதுதான் என் புராஜெக்ட்.

முதல் நாள் மாமா கிளம்பினது ராத்திரி 11 மணி. திரும்ப வர்றது காலை 7. போட்டுப் பார்த்தா, ‘தவறான நேரம்’னு சிவப்பு எழுத்து. காரணம் என் கோடுதான். ஆண்ட்ராய்டு டைம் பிக்கர் மணியையும் நிமிஷத்தையும் மட்டும்தான் கொடுக்கும், தேதி கொடுக்காது. நான் நிமிஷமா மாத்தி ஒப்பிட்டேன்: இரவு 11 என்றால் 1380, காலை 7 என்றால் 420. 420 சின்னது, அதனால தப்பு!

மாமா மூணு தடவை முயற்சி பண்ணிட்டு, கடைசியா இரவு 11.59னு போட்டார். ஆப் உடனே ஏத்துக்கிச்சு.

சரியா ஒரு மணி நேரத்தில் அத்தை போனுக்கு ‘படகு இன்னும் திரும்பவில்லை’ன்னு எச்சரிக்கை. அத்தை விடியுற வரைக்கும் கடற்கரையிலேயே நின்னிருக்காங்க.

காலையில் மாமா கேட்டார்: “ஏன் மாப்ள, உன் ஆப்புக்கு விடியக்காலம்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாதா?” அத்தை ஒண்ணும் சொல்லலை. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

திருத்தம் சின்னதுதான். திரும்பும் நேரம் சின்னதா இருந்தா ஒரு நாள் கூட்டி, தேதியோட சேமிக்கணும். பிறகு, ‘நாளை காலை 7 மணி. மொத்தம் 8 மணி நேரம். சரியா?’ன்னு காட்டணும். காலை, மாலை மாறிப் போட்டிருந்தா 20 மணி நேரம்னு காட்டும், பார்த்ததும் புரிஞ்சிடும். ஒரு நாளைத் தாண்டுற பயணம்னா தேதியையும் கேட்கணும்.

நான் டெஸ்ட் பண்ணினது எல்லாம் காலை 9 முதல் மாலை 4 வரை. அது காலேஜ் நேரம், கடலோட நேரம் இல்லை. தப்பைத் தடுக்கத்தான் செக் எழுதுறோம். ஆனா உண்மையான பதிலைத் தடுத்தா, மனுஷங்க பொய்யான பதிலைப் போட்டுட்டுப் போயிடுவாங்க. அந்தப் பொய் நம்ம செக்ல பாஸ் ஆயிடும்.

உங்க ஆப்ல நேரம் கேட்கிற இடம் இருக்கா? இன்னிக்கே இரவு 11 முதல் காலை 7 வரைன்னு போட்டுப் பாருங்க.