பாண்டிச்சேரிக்கு நானும் போனேன்!

உங்களில் பல பேர் பாண்டிச்சேரியைப் பார்த்திருப்பீர்கள். மணக்குள விநாயகரைத் தரிசித்துவிட்டு, சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரைக் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு, காந்தி சிலை அருகே காற்று வாங்கிவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். "இதைச் சொல்ல ஒரு கட்டுரையா?" என்று கேட்பீர்கள்.

நான் கடலூரில் பிறந்து வளர்ந்தவள். அங்கிருந்து பாண்டிச்சேரி இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். அப்படியிருந்தும் அறுபத்தெட்டு வயது வரை அந்த ஊரில் நான் கால் வைத்ததில்லை என்றால் நம்புவீர்களா?

காரணம் என் அப்பா. 1948-ல் சென்னை ராஜ்யம் முழுவதும் மதுவிலக்கு வந்துவிட்டது. பாண்டிச்சேரியோ அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகும் அங்கே கடைகள் மூடப்படவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கடலூரிலிருந்து புறப்படும் பஸ்ஸில் என் அப்பாவுக்கு ஓர் இடம் நிச்சயம். மற்ற ஆறு நாளும் அவரைப் போல் தங்கமான மனிதர் கிடையாது. அந்த ஒரு நாளில் முதலில் சம்பளம் போயிற்று. பிறகு இரண்டு காணி நிலம் போயிற்று. கடைசியில் அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறுதான் மிஞ்சியது. அம்மா ஊரின் பெயரைக்கூடச் சொல்லமாட்டாள். "அந்த ஊர்" என்பாள். எனக்கும் என் அக்காவுக்கும் அதுவே பழகிவிட்டது.

அப்படிப்பட்ட என்னை அந்த ஊருக்கு அழைத்துப் போனவள் என் அக்காவின் மகள்.

அவள் பெங்களூரில் வேலையாயிருக்கிறாள். என்ன வேலை என்று உறவினர் கேட்டால் "உணவு சம்பந்தமான படிப்பு, உணவு சம்பந்தமான வேலை" என்று அக்கா சொல்வாள். அக்காவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெல்ஜியத்துக்குப் போய் அந்தப் பெண் படித்துவிட்டு வந்தது பீர் வடிக்கும் கலையை! விஷயம் எனக்கு மட்டும் தெரியும். இப்போது வரன் பேச்சு வந்திருக்கிறது. பொய்யோடு கல்யாணம் செய்துகொள்ளமாட்டேன் என்று அவள் பிடிவாதமாக நிற்கிறாள்.

"அம்மாவிடம் நீங்கள்தான் சொல்லவேண்டும், சித்தி. ஆனால் நான் செய்வது என்ன என்று பார்க்காமல் சொல்லவேண்டாம். என்னோடு பாண்டிச்சேரிக்கு வாருங்கள்" என்றாள்.

"ஏண்டி, உனக்கு வேறு ஊரே கிடைக்கவில்லையா?"

"அந்த ஊர்தான் வேண்டும், சித்தி."

என் வீட்டுக்காரர் அதற்குள் பெட்டியைக் கட்டிவிட்டார்.

யவனர் ஜாடி

முதல் நாள் காலை எங்களை அவள் அழைத்துப் போனது அரிக்கமேட்டுக்கு. ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் மாந்தோப்பும் நிழலுமாக இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேயர் இங்கே தோண்டியபோது ரோமாபுரி வியாபாரத்தின் தடயங்கள் அகப்பட்டன. அவற்றில் முக்கியமானவை ஆம்போரா என்கிற மண் ஜாடிகளின் துண்டுகள். இரண்டு பக்கமும் கைப்பிடி, கீழே கூர்மையான அடி. கப்பலின் அடித்தட்டில் ஒன்றையொன்று தாங்கும்படி நெருக்கி அடுக்குவதற்காக அப்படிச் செய்வார்களாம். ஊருக்குள் மியூசியத்தில் அந்தத் துண்டுகளைப் பார்த்தோம்.

ஜாடிகளில் வந்தவற்றில் பெரும்பங்கு திராட்சை மது. உள்ளே இருப்பது கசியாமலிருக்க ஜாடியின் உட்புறம் குங்கிலியம் போன்ற பிசினைப் பூசுவார்கள். அந்தப் பிசின் மணமும் மதுவில் ஏறும். யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் பெண்கள் ஏந்திக் கொடுக்க, பாண்டியன் அருந்தி இனிது வாழவேண்டும் என்று புறநானூற்றில் நக்கீரர் பாடியிருக்கிறார்.

"பாத்திரத்தின் மணம் பானத்துக்கு வருவதும், வைத்திருக்க வைத்திருக்க ருசி மாறுவதும் நம் ஊருக்குப் புதிதில்லை, சித்தி. மூங்கில் குழாயில் ஊறவைத்த தேறல் திருமுருகாற்றுப்படையில் வருகிறது. மண்ணில் புதைத்து முதிரவைத்ததைக் கபிலர் சொல்கிறார்" என்றாள்.

பீர் வடிக்கப் படித்த பெண் சங்கத் தமிழை எடுத்து விளாசுகிறாள்! அவள் சித்தப்பா வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

கஞ்சி வாசனை

மறுநாள் சாயங்காலம் அவள் எங்களை ஒரு சின்ன பீர் ஆலைக்கு அழைத்துப் போனாள். 'மைக்ரோ புருவரி' என்கிறார்கள். ஹோட்டல் மாதிரி மேஜை நாற்காலி. அங்கேயே காய்ச்சி அங்கேயே பரிமாறுவார்கள். பெங்களூரில் 2010-ஐ ஒட்டித் தொடங்கிய இந்த மோகம் இங்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

வாசலில் என் கால் நின்றுவிட்டது. சனிக்கிழமை இரவு அப்பாவின் சட்டையில் அடிக்கும் வாடை என் மூக்கில் இன்னும் இருக்கிறது. அதை எதிர்பார்த்துத்தான் முந்தானையை மூக்கருகே கொண்டுபோனேன். ஆனால் வந்த வாசனை வேறு. அதை எனக்குத் தெரியும்! எங்கே, எங்கே என்று யோசித்தேன். அம்மா கேழ்வரகை ஊறவைத்து, துணியில் முளைகட்டி, நிழலில் உலர்த்தி, வாணலியில் வறுப்பாளே, அந்த வாசனை!

"அதேதான், சித்தி. நீங்கள் கேழ்வரகில் செய்வதை நாங்கள் பார்லியில் செய்கிறோம். முளைவிடும்போது தானியத்துக்குள்ளே மாவைச் சர்க்கரையாக்கும் சத்து உண்டாகிறது. முளையை உலர்த்தி உடைத்து வெந்நீரில் ஊறப் போட்டால் இனிப்புக் கஞ்சி. அதை வடிகட்டிக் கொதிக்கவைத்து, ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால் புளிக்கும். இட்லி மாவு பொங்குவதில்லையா? கிட்டத்தட்ட அதுபோலத்தான்."

கொதிக்கும்போது ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போடுகிறார்கள். கசப்பும் மணமும் அதிலிருந்து வருகின்றன. சீக்கிரம் கெட்டுப்போகாமலும் அது காக்கிறது. நம் நாட்டில் இமயமலைப் பக்கம் லாஹூல் பள்ளத்தாக்கில் இந்தக் கொடி விளைகிறதாம்.

ஒரு பலகையில் சின்னச் சின்னக் கண்ணாடி டம்ளர்களாக வரிசையாய் வைத்தார்கள். ஒன்று வைக்கோல் நிறம், ஒன்று மங்கலான மஞ்சள், ஒன்று தேன் நிறம், ஒன்று காப்பி டிகாக்ஷன் போலக் கறுப்பு. நான் தொடவில்லை. முகர்ந்து மட்டும் பார்த்தேன். கோதுமை பீரில் பூவன் பழமும் கிராம்பும் மணத்தன. ஆனால் பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லையாம்! அந்த ஜாதி ஈஸ்ட் உண்டாக்கும் மணமே அது. கறுப்பு பீரில் காப்பிக் கொட்டை வறுத்த மணம். முளைத் தானியத்தைக் கறுக வறுப்பதால் வருவது.

என் வீட்டுக்காரர் நாலையும் ருசி பார்த்துவிட்டு, "தேன் நிறத்தில் இருப்பதுதான் கனமாக இருக்கிறது" என்று நிபுணர் போல் அபிப்பிராயம் சொன்னார். முப்பத்தைந்து வருஷம் பாங்கு உத்தியோகம் பார்த்த மனிதர்!

அந்தத் தேன் நிறத்துக்கும் நம் கடற்கரைக்கும் சம்பந்தம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ஹாட்ஜ்சன் என்பவருடைய ஆலையிலிருந்து பீர் பீப்பாய்கள் கப்பலேறி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, மாதக் கணக்கில் மிதந்து இந்தியாவுக்கு வந்தன. அலையிலும் வெயிலிலும் பீப்பாய்க்குள் அது முதிர்ந்தது. அந்த வம்சத்துக்கு இன்றும் 'இந்தியா பேல் ஏல்' என்றே பெயர். பீப்பாய் என்ற சொல்லும் போர்த்துக்கீசியர் நமக்குக் கொடுத்ததுதான்!

ஒட்டடை அடிக்காத ஆலை

அன்றிரவு நாங்கள் தங்கியிருந்த வீட்டு மாடியில், கடல் சத்தம் கேட்க உட்கார்ந்திருந்தோம். அவள் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். அண்மையில் பெல்ஜியம் போய் வந்தபோது வாங்கி வந்ததாம்.

"இது மரப் பீப்பாயில் வருஷக் கணக்கில் கிடந்தது. பெயர் லாம்பிக். இதைச் செய்கிறவர்கள் ஈஸ்ட் சேர்ப்பதே இல்லை" என்றாள்.

பிரஸ்ஸல்ஸ் நகரிலும் அதைச் சுற்றியும் இதைச் செய்கிறார்கள். பார்லி முளையோடு கோதுமையும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சியை, மாடியில் அகலமான, ஆழமில்லாத செப்புத் தொட்டியில் ஊற்றி, ஜன்னலைத் திறந்துவைத்து இரவெல்லாம் ஆறவிடுகிறார்கள். காற்றில் உள்ள கிருமிகள் தாமாக வந்து விழுந்து புளிக்கவைக்கின்றன. இரவு குளிர்ந்திருக்க வேண்டும் என்பதால் கோடையில் அடுப்பே மூட்டமாட்டார்கள். பிறகு ஓக் மரப் பீப்பாய்களில் ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம் வைத்து, மூன்றையும் பக்குவமாகக் கலந்து பாட்டிலில் அடைத்தால் அதற்கு 'கஸ்' என்று பெயர். மரத்தின் துவர்ப்பும் மணமும் மெல்ல மெல்ல இறங்கும். 1900-ல் ஏற்பட்ட கான்டியோன் என்ற ஆலை இன்னும் இப்படித்தான் செய்கிறது. அங்கே சிலந்தி வலையைக் கலைக்கமாட்டார்களாம். பீப்பாயை நாடி வரும் பூச்சிகளைச் சிலந்தி பிடித்துவிடும் அல்லவா? ஒட்டடை அடிக்காததற்கு இப்படி ஒரு காரணம் இருக்கிறது என்று என் மருமகளுக்குத் தெரியாமலிருக்க வேண்டும்!

"இப்போது கேளுங்கள், சித்தி" என்று அவள் பெரும்பாணாற்றுப்படைக்குப் போனாள். காஞ்சியை ஆண்ட இளந்திரையன்மேல் பாடியது. அதில் வலைஞர் குடியிருப்பில் மது சமைக்கும் விதம் வருகிறது. அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சி, வாய் அகன்ற பிழா என்ற தட்டில் ஊற்றி ஆற்றுகிறார்கள். முளையை அதில் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, ஜாடியில் முதிரவைத்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள்.

"அகன்ற தட்டில் ஆற்றுவது! பிரஸ்ஸல்ஸ் செப்புத் தொட்டியைப் பார்த்ததும் எனக்கு இந்தப் பிழாதான் ஞாபகம் வந்தது. இதோ வடக்கே மரக்காணம் இருக்கிறதே, அதைத்தான் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் என்று சொல்கிறார்கள். அங்கே பழைய தேறலை வடித்துக் கொடுப்பவள் ஒரு நுளைச்சிப் பெண். சித்தி, இந்தக் கடற்கரையில் இது பெண்கள் செய்த வேலை. நான் புதிதாக எதுவும் செய்துவிடவில்லை."

அதனால்தான் 'அந்த ஊர்' வேண்டுமென்றாள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

அவள் தம்ளரை நீட்டவில்லை, மேஜைமேல் வைத்தாள். நான்தான் எடுத்தேன். ஒரே ஒரு வாய். நாக்கைச் சுருக்கென்று பிடித்த புளிப்பு, பிறகு நெல்லிக்காய்த் துவர்ப்பு, அதற்கும் பிறகு பழைய மரப்பெட்டியைத் திறந்ததுபோல் ஒரு மணம். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. சித்திரை வெயிலில் அம்மா உப்புப் போட்டுக் கொடுக்கும் நீராகாரம்தான் ஞாபகம் வந்தது. கண்ணில் ஏன் நீர் வந்தது என்று கேட்காதீர்கள். புளிப்புத்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

"தாத்தாவும் இப்படி ருசி பார்த்துத்தான் ஆரம்பித்தாரோ என்னவோ" என்றேன் நான்.

அவள் மழுப்பவில்லை. "இருக்கலாம், சித்தி. பீப்பாயில் மூன்று வருஷம் இருந்தாலும் இது மதுதான். அதை நான் மறந்தால் நீங்கள் சொல்லுங்கள்" என்றாள்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

தண்ணீர் தந்தவள்

புறப்படும் நாள் காலையில் பாரதி பூங்காவில் வெள்ளை வெளேரென்று நிற்கும் ஆயி மண்டபத்தைப் பார்த்தோம். ஆயி என்பவள் ஒரு தாசி. விளக்குகள் ஜொலித்த அவள் மாளிகையைக் கோயிலென்று எண்ணிக் கும்பிட்டுவிட்ட ராயர், உண்மை தெரிந்து இடிக்க உத்தரவிட்டாராம். அவளே அதை இடித்துவிட்டு, அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்பது கதை. பிற்காலத்தில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அந்தப் பக்கத்துத் தண்ணீர் நகருக்கு வந்தபோது, அவள் நினைவாக இந்த மண்டபம் எழுந்தது. பீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர்தான் என்று முதல் நாள் கேட்டிருந்தேன். ஒருத்தியின் தொழிலைப் பார்த்து ஊர் ஒன்று சொல்லும். அவள் விட்டுச் சென்றதைப் பார்த்து வேறொன்று சொல்லும்.

நீங்களும் பீர் ருசி பாருங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. குடியால் ஒரு வீடு என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் கண்டவள். ஆனால் பொறுமையாக, பக்குவம் பார்த்துச் செய்கிற கைவேலை எது, மறப்பதற்காகக் கவிழ்த்துக்கொள்வது எது என்று பிரித்துப் பார்க்க அறுபத்தெட்டு வயதில் கற்றுக்கொண்டேன்.

அங்கிருந்தே அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் பதில் இல்லை.

"அவள் குடிக்கிறாளா?"

"ருசி பார்க்கிறாள், அக்கா. உப்புப் பார்க்காமல் சமைக்க முடியுமா?"

"அப்பா மாதிரி ஆகிவிடமாட்டாளே?"

அதற்கு நான் எப்படி உத்தரவாதம் கொடுப்பேன்? "அவளுக்கே அந்தப் பயம் இருக்கிறது. அது போதும் என்று நினைக்கிறேன்" என்றேன்.

மறுபடியும் மௌனம். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அந்த இடத்தில் என்ன வாடை அடிக்கிறது?"

"அம்மா கேழ்வரகு முளை வறுப்பாளே, அந்த வாசனை."

அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பாண்டிச்சேரியிலிருந்து அவளை நேரே இங்கே வரச் சொல்" என்றாள்.

'அந்த ஊர்' என்று சொல்லவில்லை. கவனித்தீர்களா?