விசிறியும் உருவமும்

மோட்டார் சைக்கிளில் ஒரு மின்விசிறியைப் பொருத்துவது விமர்சனத்துக்குரிய விஷயமா என்று கேட்கலாம். என்னளவில் ஆகிவிட்டது. பொருத்திய வாரத்தில் வண்டியைப் பார்த்த கவிஞர் ஒருவர், 'முழுமையான ஒரு உருவத்தில் ஒட்டுப் போட்டுவிட்டீர்கள்' என்றார். எனக்கு அந்த அபிப்ராயத்தில் சம்மதமில்லை.

வண்டி ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன். 2016இல் வந்த 411 சி.சி. வகை. காற்றாலும் எண்ணெயாலும் குளிர்வது. சிலிண்டரைச் சுற்றித் தகடுகள், முன்புறம் எண்ணெய் ஓடி ஆறுவதற்கு ஒரு சிறு கூலர். இரண்டுக்கும் எதிர்க்காற்று வேண்டும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 17 மீட்டர் காற்று வந்து மோதும், 8 கி.மீ. வேகத்தில் 2 மீட்டர்தான். வண்டி ஓடும், ஆகவே காற்று வரும் என்ற நம்பிக்கையின் மேல் எழுந்த உருவம் இது. தர்மபுரி நெடுஞ்சாலையில் அந்த நம்பிக்கை பொய்ப்பதில்லை.

ஆனால் ஆட்டுக்கடன், மாட்டுக்கடன் வாங்கியவர்களைப் பார்த்துவர வங்கி வேலையாக நான் போவது பென்னாகரத்துக்கு மேலே உள்ள மலையூர்களுக்கு. முதல் கியர், பாதி பிடித்த கிளட்ச், சக்கரத்தடியில் உருளும் கல். சந்தையிலிருந்து மூட்டையோடு திரும்புகிறவர்கள் என்னைத் தாண்டி நடந்து போவார்கள். எஞ்சினோ முழு உழைப்பில் இருக்கும். கிளட்ச் தட்டுகளும் அதே எண்ணெயில்தான் மூழ்கியிருக்கின்றன. அவை உரசும் சூடும் அதிலேயே சேர்கிறது. உழைப்பு கூடுகிற இடத்தில்தான் காற்று இல்லாமல் போகிறது. நிறுத்தி ஆறவிட்டால் அரை மணி நேரம் போகும். பொழுது சாய்ந்தால் யானை நடமாடும் காடு அது. அரை மணி அங்கே சின்னக் கணக்கல்ல.

'நிக்கிற வண்டிக்குக் காத்து எங்கிருந்து சார் வரும்? நாமதான் குடுக்கணும்' என்றார் பென்னாகரத்து மெக்கானிக். கூலருக்குப் பின்னால், காற்றை இழுக்கும்படி, 12 வோல்ட்டில் ஓடும் சிறு விசிறி ஒன்றை வைத்தார். முன்னால் வைத்தால் ஓடும்போது வரும் காற்றை அதுவே மறைக்கும். திசை மாற்றி வைத்தால் எதிர்க்காற்றோடு மல்லுக்கு நிற்கும். 3 ஆம்பியர் இழுத்தால் 36 வாட், ஒரு ஹெட்லைட் பல்பைவிடக் குறைவு. ஒரு ஃப்யூஸ், ஒரு ரிலே. சாவியை மூடினால் விசிறியும் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிப்போகும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, எண்ணெயின் சூட்டை அறிந்து தானே போட்டுத் தானே அணைக்கும் வெப்ப ஸ்விட்ச்.

ஒட்டு எது, உறுப்பு எது? பழைய பஜாஜ் சேத்தக்கில் எஞ்சின் மூடிக்குள் இருந்தது, வெளிக்காற்று படாது. ஆகவே ஃப்ளைவீலிலேயே விசிறி வைத்தார்கள். வண்டி ஊர்ந்தாலும் எஞ்சின் சுழலும்வரை காற்று வரும். அதை யாரும் ஒட்டு என்று சொன்னதில்லை. 2023இல் வந்த ஹிமாலயன் 450 ரேடியேட்டரும் மின்விசிறியுமாகவே தொழிற்சாலையை விட்டு வெளியே வருகிறது. நேற்றைய ஒட்டு இன்றைய உறுப்பு. இந்த வண்டிகளில் சிலர் மாட்டும் ஸ்டிக்கர்களும் காலிப் பெட்டிகளும் அலங்காரம்தான், மறுக்கவில்லை. ஓயாமல் சுழலும் விசிறியும் அலங்காரம்தான். நம் விமர்சனக் கட்டுரைகளின் பெயரடைகளைப் போல. தேவை தீர்ந்ததும் நிற்கத் தெரிந்தது மட்டுமே உருவத்தில் சேரும்.

முழுமை என்று நாம் சொல்வது எந்தப் பாதையின் முழுமை என்று கேட்டுக்கொள்வதில்லை. பெரும்பாலும் அது நெடுஞ்சாலையின் முழுமை. வேறு மொழிகளில் ஓடிப் பழகிய இலக்கிய உருவங்களை இங்கே ஏற்றிக்கொண்டு வந்து, மேட்டில் அவை திணறும்போது மேட்டைக் குறைசொல்வது நம் வழக்கமாக இருக்கிறது. உருவத்தில் கைவைக்கத் துணிந்தவனை ஒட்டுப்போடுகிறவன் என்கிறோம்.

2021 சட்டமன்றத் தேர்தலின்போது, இதே வட்டாரத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிப் போயின. என் விசிறி அப்படிப்பட்ட பாதை எதையும் செப்பனிட்டுவிடாது. பாதை எந்த வேகத்தை அனுமதிக்கிறதோ அந்த வேகத்தில் போய்ச் சேர வண்டியைத் தயார் செய்கிறது, அவ்வளவுதான். இதற்கு ஒட்டு என்றுதான் பெயர் என்றால், இருந்துவிட்டுப் போகட்டும்.