ஆர்கனுக்கு நிதி, அதைப் பேணும் கைகளுக்கு?

பழைய ஆர்கனை மாற்ற ஒரு தேவாலயம் நிதி திரட்டத் தொடங்கும்போது, மேலைநாடுகளில் பெரும்பாலும் பின்பற்றப்படும் வழி ஒன்று உண்டு. குழல்களை ஒவ்வொன்றாக நன்கொடையாளருக்குத் ‘தத்து’ கொடுப்பார்கள். பென்சில் அளவேயான குழலுக்குச் சிறு தொகை. 16 அடி நீளமுள்ள அடித்தொனிக் குழலுக்குப் பெருந்தொகை. மறைந்த தாயின் நினைவாக ஒருவர் ஒரு சுரத்தை ஏற்றுக்கொள்ளலாம். சபையார் அனைவருக்கும் கருவியில் பங்கு கிடைக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆயினும் குழல்களை ஆண்டுதோறும் சுருதி சேர்க்கவிருப்பவர் யார் என்ற கேள்வி அந்த விலைப்பட்டியலில் பொதுவாக இடம்பெறுவதில்லை. இந்தியா போன்ற நாட்டில் முதலில் எழவேண்டிய கேள்வியே அதுதான்.

ஆர்கன் ‘மூப்படைந்துவிட்டது’ என்று ஆலயக் குழு தீர்மானிக்கும்போது, அதில் மூப்படைந்தது எது என்று பார்க்கவேண்டும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த குழல்கள் நூற்றாண்டுகளைத் தாங்கக்கூடியவை. சுவிட்சர்லாந்தின் சியோன் நகரில், வலேர் குன்றின்மேல் உள்ள ஆலயத்தில் 15ஆம் நூற்றாண்டின் ஆர்கன் ஒன்று இன்றும் இசைக்கப்படுகிறது. முதலில் தளர்வது தோல். துருத்தியின் மடிப்புகளிலும் காற்றுவாயில்களிலும் ஒட்டப்பட்ட தோல் சில பத்தாண்டுகளில் விறைத்து வெடித்துவிடும். அடுத்தது மரம். குழல்கள் ஊன்றிய பலகையில் விரிசல் கண்டால் ஒரு குழலுக்குரிய காற்று அயல்குழலில் கசியும். விரல் படாத சுரமும் முனகும். மழைக்காலத்தில் மரம் உப்பும், கோடையில் சுருங்கும். இடையே கரையானும் எலியும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். வெப்பம் ஏறும்போது பெரும்பான்மைக் குழல்களின் சுருதி உயர்கிறது. உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் குழல்களோ அந்த அளவுக்கு நகர்வதில்லை. அதனால் ஒரே கருவியின் குரல்கள் தமக்குள் பிணங்கத் தொடங்கும். இக்குறைகள் எல்லாம் தேர்ந்த கைகளால் சரிசெய்யத்தக்கவை. அத்தகைய கைகள் அருகில் இல்லாதபோதுதான் சிறு பழுதுகள் சேர்ந்து மூப்பு என்ற பெயரைப் பெறுகின்றன.

இந்நிலையில் மின்னணு ஆர்கன் எளிய தீர்வாகத் தோன்றுவது இயல்பே. விலை குறைவு, இடம் குறைவு, சுருதி மாறாது. ஆனால் அதன் உட்பாகங்களின் உற்பத்தி நின்றுவிட்டால் சில பத்தாண்டுகளிலேயே சபை மீண்டும் நன்கொடைப் புத்தகத்தைத் திறக்க நேரலாம். வெளிநாட்டிலிருந்து புதிய குழல் ஆர்கனை வரவழைப்பதோ பழைய சிக்கலைப் புதிய பெட்டியில் கொண்டுவருவதாகும்.

வெப்பமண்டல நாடொன்று இச்சிக்கலை எதிர்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. பிலிப்பீன்சின் மணிலாவை அடுத்த லாஸ் பின்யாஸ் ஊரில், தியேகோ செரா என்ற ஸ்பானியத் துறவி 1816இல் ஓர் ஆர்கன் செய்யத் தொடங்கினார். உள்ளூரில் கிடைத்த மூங்கிலை வெட்டிக் கடற்கரை மணலில் புதைத்துவைத்தார். பூச்சி அரிக்கும் மூங்கில் மணலுக்குள்ளேயே அழிந்துபோக, தப்பியவை குழல்களாயின. 1824இல் நிறைவுற்ற அக்கருவியின் 1,031 குழல்களில் 902 மூங்கிலால் ஆனவை. நிலநடுக்கங்களும் புயல்களும் தாக்கிப் பல காலம் சீர்குலைந்திருந்த அது, 1973இல் செருமனியின் பான் நகரிலுள்ள கிளைஸ் பட்டறைக்கு அனுப்பப்பட்டு, 1975இல் திரும்பி வந்து மீண்டும் ஒலித்தது.

கதை அத்துடன் முடிந்திருந்தால் அது ஒரு வெற்றிகரமான நிதிதிரட்டல் மட்டுமே. அதன் பின்னர் பிலிப்பீன்சு இளைஞர்கள் ஐரோப்பாவுக்குச் சென்று ஆர்கன் கட்டும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். 1994இல் தியேகோ செராவின் பெயரிலேயே லாஸ் பின்யாசில் ஒரு பட்டறை உருவாயிற்று. மூங்கில் ஆர்கனின் அடுத்த பெரும் சீரமைப்பு உள்நாட்டுக் கைகளாலேயே நடந்தது. போஹோல் தீவின் பக்லாயோன் ஆலயம் போன்ற இடங்களில் ஊமையாய்க் கிடந்த ஸ்பானியர் காலத்து ஆர்கன்களும் அப்பட்டறையால் குரல் பெற்றன.

இந்தியாவில் குடியேற்ற ஆட்சிக்காலப் பேராலயங்களில் நின்ற ஆர்கன்கள் பெரும்பாலும் பிரிட்டனில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தவை. சிம்லாவின் கிறைஸ்ட் சர்ச்சில் உள்ள ஆர்கன் 1899இல் நிறுவப்பட்டது. கருவிகள் வந்த அளவுக்கு அவற்றைச் செய்யும் பட்டறைகள் இங்கே வேர்கொள்ளவில்லை. ஆகவே சீரமைப்பு பெரும்பாலும் விரல்விட்டு எண்ணத்தக்க சில வல்லுநரை நம்பியே நடக்கிறது.

இதற்கு நேர்மாறானது ஆர்கனின் சிறிய உறவான ஆர்மோனியத்தின் வரலாறு. 1842இல் பாரிசில் அலெக்சாந்தர் தெபைன் காப்புரிமை பெற்ற கருவி அது. கால்மிதித் துருத்தியுடன் இந்தியா வந்த அதை, 1875இல் கொல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் தரையில் அமர்ந்து கையால் இயக்கும் வடிவுக்கு மாற்றினார். அகில இந்திய வானொலி 1940 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதை விலக்கிவைத்தபோதும் அது மறையவில்லை. செய்யவும் செப்பனிடவும் வல்லவர்கள் ஊருக்கு ஊர் இருந்தது அதற்கு ஒரு முதன்மைக் காரணம். கஜல் அரங்கிலும் குருத்வாராவிலும் கிராமத்துச் சிற்றாலயத்திலும் அது ஒலித்துக்கொண்டே இருந்தது.

ஆகவே இன்று நிதி திரட்டும் ஆலயக் குழுக்கள் முன்வைக்கவேண்டிய திட்டம் சற்றே மாறவேண்டும். திரளும் தொகையில் ஒரு பகுதியை இரண்டு இளைஞர்களின் பயிற்சிக்கென ஒதுக்கலாம். தச்சும் உலோகவேலையும் அறிந்த கைகள் இந்நாட்டில் குறைவில்லை. ஒரு நகரின் நான்கைந்து ஆலயங்கள் சேர்ந்து ஒரு பராமரிப்பாளரின் ஊதியத்தை ஏற்கலாம். இசைக்கல்லூரிகளும் ஒலியியல் துறைகளும் இக்கருவிகளை ஆவணப்படுத்தும் பொறுப்பில் பங்குகொள்ளலாம். குழல்களைத் தத்தெடுக்க முன்வரும் நன்கொடையாளரிடம் ஒரு பயிலுநரின் ஓராண்டுச் செலவையும் ஏற்குமாறு கேட்பதில் கூச்சம் தேவையில்லை.