பெட்டி தாங்குமா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் காலை பத்து மணிக்கு நடந்தால் தறிச் சத்தம் வீட்டுக்கு வீடு மாறும். கைலாசநாதர் கோவிலுக்குப் போகிற வழியில் நான் தேடிப் போன வீட்டில் அந்தச் சத்தம் இல்லை. முன்னறைக் கட்டிலில் ஒரு பழைய கம்ப்யூட்டர் படுத்திருந்தது. அதன் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார் மெக்கானிக்.

அந்த வீட்டு மகன் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர். அப்பா நாற்பது வருடம் அட்டை அடித்தவர். கிராப் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊடை ஒன்றுக்கு ஓர் அட்டை என்று கணக்குப் பார்த்து ஓட்டை போடுவார். ஓட்டை இருக்கிற இடத்தில் கொக்கி பாவு நூலைத் தூக்கும், இல்லாத இடத்தில் நூல் அப்படியே கிடக்கும். நானூறு ஊடை ஓடுகிற டிசைனுக்கு நானூறு அட்டை. ஓர் ஓட்டை இடம் மாறினாலும் அன்னத்தின் மூக்கு உடைந்துவிடும். மகன் அதே கட்டங்களைத் திரையில் நிரப்புகிறார். பெரியவரின் பழைய கிராப் தாள்கள் இன்னும் பரணில் சுருளாக இருக்கின்றன.

கிராபிக்ஸ் கார்டு மாற்றுகிற வேலை என்று சொன்னதும் பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “அட்டை மாத்துறதா தம்பி? பெட்டி தாங்குமா?” என்றார்.

அன்று அந்த அறையில் கேட்ட கேள்விகளில் அதுதான் சரியான கேள்வி. தறிக்கு மேல் உட்காரும் ஜக்கார்டு பெட்டிக்கு இத்தனை கொக்கி என்று அளவு உண்டு. 240 கொக்கிக்கு வரைந்த டிசைனை 120 கொக்கிப் பெட்டியில் ஏற்ற முடியாது. டிசைன் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, பெட்டியைப் பார்த்துத்தான் கிராப் போட வேண்டும். 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு காப்புரிமை பெற்ற அந்தப் பொறியின் அட்டை முறையைத்தான் பிறகு பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கு எடுத்துக்கொண்டார். ஆகவே பெரியவர் கம்ப்யூட்டரைப் பார்த்து இதைக் கேட்டது பொருத்தம்தான்.

மெக்கானிக் பதில் சொல்லாமல், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். 255 வாட். பெரிய நிறுவனங்கள் அலுவலகங்களுக்கென்று மொத்தமாகச் செய்து அனுப்புகிற ஒல்லி ரகம் இது. சில வருடம் கழித்து அலுவலகங்கள் கழித்துவிட, சென்னை ரிச்சி தெரு வழியாக ஊர்களுக்கு வந்து சேர்கிறது. நல்ல உழைப்பாளி, ஆனால் கட்டுமானம் இறுக்கமானது. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் ஒயரின் முனைகூட வழக்கமான 24 முள் இல்லை, அந்த ரகத்துக்கே உரிய 8 முள். அதனால் கடையில் கிடைக்கிற பெரிய எஸ்.எம்.பி.எஸ்.ஸை வாங்கி அப்படியே மாட்டிவிட முடியாது. கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி மின் ஒயரும் கிடையாது. ஸ்லாட் வழியாக வருவதுதான் முழுச் சாப்பாடு, அதன் உச்சம் 75 வாட்.

டிசைன்காரரின் தங்கை மகன் ஒரு விளையாட்டுக் கார்டைச் சொல்லியிருந்தான். இரண்டு விசிறி, இரண்டு ஸ்லாட் தடிமன், தனி மின் ஒயர் கேட்பது. அதைக் கேபினெட் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடத் தேவையில்லை, உயரத்திலேயே மூடி மூடாது.

“75 வாட்ல ஓடுற கார்டு இருக்குண்ணே, ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி. ஆனா இந்தப் பெட்டிக்குப் பத்து வயசு தாண்டிடுச்சு. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஓட்டுறீங்க. சித்திரை வெயில்ல இந்த ஓட்டு வீடு எப்படிக் காயும்னு உங்களுக்கே தெரியும். கடைசிச் சொட்டு வரைக்கும் இழுக்க வேணாம்” என்றார் மெக்கானிக்.

அவர் கொண்டுவந்திருந்தது ஜிடி 1030. 30 வாட், ஒற்றை ஸ்லாட், பாதி உயரம். 2017-இல் வந்த கார்டு. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு வகை விற்றார்கள். ஒன்றில் ஜிடிடிஆர்5 நினைவகம், அடுத்த வருடம் வந்த இன்னொன்றில் டிடிஆர்4. இரண்டாவதன் நினைவக வேகம் முதலாவதில் மூன்றில் ஒரு பங்குதான். மேல்பெட்டியில் இதைச் சின்ன எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். பெரியவர் இதை உடனே பிடித்துக்கொண்டார். ஜரிகையை உரசிப் பார்த்து உள்ளே சிவப்புப் பட்டு இருக்கிறதா என்று பார்த்தே வாங்கிப் பழகிய ஊர் இது. “மேலுக்கு ஒரே மினுமினுப்பு, உள்ள வேற வேற” என்றார்.

டிசைன் போட இந்தக் கார்டு வேண்டுமா என்று கேட்டேன். கட்டம் நிரப்ப வேண்டாம் என்று மெக்கானிக்கே சொன்னார். அந்த வேலைக்குப் போன வருடம் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டதும் ரேமைக் கூட்டியதும்தான் உதவின. இப்போதைய தேவை வேறு. சேலையைத் தறியில் ஏற்றும் முன்பே கட்டிய தோற்றத்தில் படம் கேட்கிறார்கள் முதலாளிகள். மடிப்பில் புட்டா எப்படி விழும், தோளில் முந்தி எப்படித் தெரியும் என்று திரையிலேயே பார்க்க வேண்டும். பிராசஸரோடு வந்த கிராபிக்ஸ் ரேமிலிருந்து கடன் வாங்கித்தான் இதைச் செய்யும், ஒவ்வொரு மடிப்புக்கும் திணறும். புதிய கார்டுக்குச் சொந்தமாக 2 ஜிபி இருக்கிறது. பெரிய முப்பரிமாண வேலைக்கு அது காணாது. இந்த வேலைக்குக் காணும்.

என் கருத்தில் அன்று நான் பார்த்த கைத்திறன், கார்டைச் செருகிய அரை நிமிடத்தில் இல்லை. அதற்கு முன் செய்தவற்றில் இருந்தது. முதலில் டிசைன் கோப்புகள் எல்லாவற்றையும் தனி டிஸ்கில் நகலெடுத்து, இரண்டைத் திறந்தும் பார்த்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, மிச்ச மின்சாரத்தை வெளியேற்றினார். இரும்புச் சட்டத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கினார். கார்டின் நீளத் தகட்டைக் கழற்றிக் குட்டைத் தகட்டை முடுக்கினார்.

மூடியதும் திரை கறுப்பாக நின்றது. டிசைன்காரர் எழுந்தேவிட்டார். மானிட்டர் ஒயர் இன்னும் பழைய விஜிஏ துளையில் இருந்தது. கார்டு போட்டதும் அந்தத் துளை உறங்கிவிடும். புதிய கார்டிலோ விஜிஏ துளை கிடையாது. மெக்கானிக் பையிலிருந்து எச்டிஎம்ஐ–விஜிஏ கன்வெர்ட்டரை எடுத்தார். வரும்போதே மானிட்டரின் வயதைப் போனில் கேட்டு வைத்திருக்கிறார்.

டிரைவர் ஏறி முடிந்ததும் மாங்காய்க் கரை போட்ட அரக்குச் சேலை ஒன்று திரையில் சுழன்றது. பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கரையை மட்டும் பார்த்தார். “மூணாவது மாங்காய்ல ஒரு கட்டம் தப்பு” என்றார். மகன் பெரிதாக்கிப் பார்த்தார். தப்புதான்.

இந்தப் பெட்டிக்கு இன்னும் எத்தனை வருடம் என்பதையும் மெக்கானிக் மறைக்கவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இதன் பிராசஸர் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. இரண்டு மூன்று வருடம் இதை வைத்து ஓட்டிக்கொண்டு, அதற்குள் பணம் சேர்த்துவிடுங்கள் என்றார். நாளைக்கே புதிது வாங்கச் சொல்லியிருந்தால் அவருக்கு லாபம் கூடுதல். சொல்லவில்லை.

நெய்கிறவர், பாவு ஓட்டுகிறவர், சாயம் போடுகிறவர், அட்டை அடிக்கிறவர் என்று பட்டுத் தொழிலாளர்களை எண்ணும்போது இந்த மெக்கானிக்கையும் எண்ணத்தான் வேண்டும்.

உங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டருக்குக் கார்டு வாங்கப் போகிறீர்களா? கடைக்குக் கிளம்பும் முன் மூடியைத் திறந்து, எஸ்.எம்.பி.எஸ். தாளில் இருக்கும் வாட் எண், ஸ்லாட்டைச் சுற்றி இருக்கும் இடம், மானிட்டரின் பின்னால் இருக்கும் துளை, இந்த மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.