கார்டை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

பவர் கார்டை மாற்றினால் பாட்டு துலங்குமா என்ற கேள்வி, வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊருக்கு வந்துபோகும் மாதங்களில்தான் என் மேசைக்கு வரும். கட்டைவிரல் தடிமனில் இரண்டு மீட்டர் கார்டு. அதன் விலைக்கு ஒரு ஆம்ப்ளிஃபயரே வாங்கலாம். “இதைப் போட்டா மிருதங்கத்துல தொப்பி நல்லா கேக்குங்கறான் பையன், நீங்க என்ன சொல்றீங்க தம்பி?” என்றார் திருவையாற்றுப் பெரியவர் ஒருவர்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். சாதாரண 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கார்டில், போகவர நான்கு மீட்டருக்குத் தடை சுமார் 0.1 ஓம். ஆம்ப்ளிஃபயர் 1 ஆம்பியர் இழுத்தால் இழப்பு 0.1 வோல்ட். குறுவைக்குப் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில், லைன் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு 230 வர வேண்டிய இடத்தில் என் மீட்டர் 190 காட்டும். அதையே தாங்கிப் பாடுகிற செட், அந்த 0.1 வோல்ட்டையா கண்டுகொள்ளப் போகிறது? தவிர, கரண்ட் நேராக ஸ்பீக்கருக்குப் போவதில்லை. டிரான்ஸ்பார்மர், டயோடு எல்லாம் தாண்டி கண்டன்சரில் நிரம்புகிறது. மொட்டைமாடித் தொட்டி மாதிரி. பாட்டு எடுத்துக்கொள்வது அந்தத் தொட்டியிலிருந்து.

எங்கள் பக்கத்து உண்மையான நோய் ஹம். அதில் இரண்டு வகை. 100 ஹெர்ட்ஸில் உறுமினால் பெரும்பாலும் கண்டன்சர் காய்ந்திருக்கும். 50 ஹெர்ட்ஸில் அடித்தால் எர்த்தையும் ஒயரிங்கையும் பார்க்க வேண்டும். டெல்டாக் களிமண் ஈரமாக இருக்கும்வரை எர்த் அருமையாக நிற்கும். சம்பா அறுவடை முடிந்து வயல் வெடிக்கத் தொடங்கியதும், கரியும் உப்பும் போட்ட குழியும் காய்ந்துவிடும். சித்திரையில் ஆம்ப்ளிஃபயர் உடம்பைத் தொட்டால் சுருக்கென்கும். கசியும் கரண்ட் டிவி கேபிள் வழியாகச் சுற்றி உள்ளே வரும். கேபிளைக் கழற்றியதும் ஹம் நின்றால் அதுதான் காரணம். ஹம் போக எர்த் பின்னையே வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், உயிர் போகும்.

இன்னொன்று நியூட்ரல். அலுமினிய சர்வீஸ் வயரைச் செம்போடு நேராக முறுக்கிய ஜாயிண்டில் வெள்ளையாகப் பூக்கும். மூன்று ஃபேஸ் இணைப்பில் அந்த ஜாயிண்ட் விட்டுப்போனால் 400 வோல்ட் வரைகூட ஏறலாம். எந்த விலைக் கார்டும் செட்டைக் காப்பாற்றாது.

கார்டே பொருட்டில்லை என்று சொல்லவில்லை. தளர்ந்த ப்ளக், சூடாகும் ப்ளக் இருந்தால் உடனே மாற்றுங்கள். சிக்னல் வயரோடு ஒட்டி ஓடும் கார்டு ஹம்மை ஏற்றும். உலோக உறை போட்ட கார்டு அதைக் குறைக்கும். ஒரு சாண் தள்ளிப் போட்டாலும் குறையும், செலவில்லாமல்.

மாற்றியதும் வித்தியாசம் கேட்டது என்பவர்கள் பொய் சொல்வதில்லை. பிடுங்கிச் செருகியதில் பழைய பின்னின் களிம்பு தேய்ந்திருக்கலாம். கொடுத்த காசும் கொஞ்சம் பாடும். சந்தேகமிருந்தால் வீட்டில் ஒருவரை உங்களுக்குத் தெரியாமல் கார்டை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். பத்துக்கு ஒன்பது தடவை சரியாகச் சொன்னால் தாராளமாக வாங்குங்கள். ஆறு, ஏழு என்றால் பூவா தலையா போட்டாலே வந்துவிடும். அந்தப் பணத்தில் புது எர்த் குழி வெட்டுங்கள்.