ஒரே துணுக்கு, இரண்டு தீர்ப்பு

எலுமிச்சம்பழம் நறுக்குவதைப் பார்த்தாலே உங்களுக்கு நாக்கில் நீர் ஊறும், இல்லையா? ராயகிரியில் இருக்கும் என் மதினிக்கு ஊறாது. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி பக்கத்தில்தான் இருக்கிறது, இருந்து என்ன? பழத்தைக் கடித்தாலும் வாய் வறண்டே கிடக்கும். ஒரு கவளம் சோற்றுக்கு ஒரு மடக்குத் தண்ணீர். கண்ணிலோ மணலை அள்ளிப் போட்டாற்போல் உறுத்தல். "வயசு ஐம்பதைத் தாண்டியாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

நான் ஊருக்குப் போயிருந்தபோது அவளைத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போனேன். கண்ணிமையில் ஒரு காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிஷம் வைத்தார்கள். 5 மில்லிமீட்டர்கூட நனையவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. ஆகவே கீழுதட்டின் உட்புறத்தில் மிளகளவுகூட இல்லாத உமிழ்நீர்ச் சுரப்பிகள் சிலவற்றை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். "வயதுக்கேற்ற அழற்சி, வேறு விசேஷமில்லை" என்று ரிப்போர்ட் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், மதினியைத் தவிர.

"அப்போ நான் பொய்யா சொல்லுதேன்?" என்றாள்.

அவள் கேட்டது நியாயந்தான். 1933-ல் ஹென்ரிக் ஷோகிரன் என்ற ஸ்வீடன் தேசத்துக் கண் டாக்டர், இப்படிக் கண் வறண்ட 19 பெண்களைப் பற்றி எழுதினார். அவர் பெயரையே நோய்க்கு வைத்துவிட்டார்கள். உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளணுக்கள் சொந்தச் சுரப்பிகளையே தாக்குகின்றன. பெரும்பாலும் பெண்களுக்குத்தான் வருகிறது. (எதுதான் நமக்கு வராமலிருக்கிறது!)

உதட்டுத் துணுக்கில் டாக்டர்கள் தேடுவது வெள்ளணுக்களின் கும்பலை. ஐம்பதோ அதற்கு மேலோ நெருங்கி நின்றால் அது ஒரு கும்பல். 4 சதுர மில்லிமீட்டருக்கு ஒரு கும்பலாவது இருந்தால் நோய்க்குச் சாட்சி. கேட்க எளிதாயிருக்கிறது. ஆனால் ஒரே முறத்து அரிசியில் இரண்டு பேர் கல் பொறுக்கினால் கணக்கு ஒத்துப் போகிறதா? வயதானவர் சுரப்பியில் வெள்ளணுக்கள் சும்மாவே சிதறிக் கிடக்கும். மெழுகுக் கட்டியிலிருந்து இன்னும் சற்று ஆழத்தில் சீவினால் வேறு காட்சி தெரியும். சிலர் எண்ணாமலே 'அழற்சி' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் 60 பேருடைய உதட்டுத் துணுக்குகளை மறுபடி பார்த்தார்கள். பாதிக்கு மேல் தீர்ப்பு மாறிற்றென்று 2002-ல் எழுதினார்கள்!

மதினியின் ரிப்போர்ட்டிலும் எண் இல்லை. மதுரையில் ஒரு டாக்டரம்மாள் அதைத்தான் முதலில் கவனித்தார். "கண்ணாடி ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி வாருங்கள்" என்றார். பழக்கப்பட்ட வேறொருவர் எண்ணிப் பார்த்தார். இரண்டு கும்பல்!

2016-ம் வருஷத்து விதிப்படி உதட்டுக்கு 3 மார்க். காகிதம் நனையாத கண்ணுக்கு 1. நான்கு வந்தால் நோய் உண்டு. மதினிக்குச் சரியாக நான்கு. அந்த மூன்று மார்க்கும் முதல் ரிப்போர்ட்டில் காணாமல் போயிருந்தது.

இப்போது கண்ணுக்குச் சொட்டு மருந்து, பல்லுக்குத் தனிக் கவனிப்பு. சிலருக்கு நாளடைவில் நிணநீர்ப் புற்று வரக்கூடுமாம். அதனால் கன்னமோ கழுத்தோ வீங்கினால் உடனே வரவேண்டுமென்று உத்தரவு. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தப் பரிசோதனை நடந்தால், "எத்தனை கும்பல்?" என்று தயங்காமல் கேளுங்கள், சகோதரிகளே.

நோய் உண்டு என்று கேட்டு மதினி அழுவாள் என்று பயந்தேன். அவளோ பஸ் ஸ்டாண்டிலேயே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"நான் சொன்னேன்லா?" என்றாள்.