ஒடுக்கிய கால்கள்

மேஃப்ளை என்னும் நீர்ப்பூச்சியை ஒரு நாளே வாழும் உயிர் என்பர். அது பாதி உண்மையே. சிறகு முளைத்தபின் அது வாழ்வது ஒரு நாளோ சில நாள்களோதான். உணவு உண்ணும் வாய்கூட அப்போது அதற்கு இல்லை. ஆயினும் அதற்குமுன் பல மாதங்கள், சில இனங்களில் இரண்டு ஆண்டுகள், அது ஆற்றின் அடியில் கல்லிடுக்கிலும் நீர்ப்பாசியிலும் மறைந்து வளர்கிறது. அந்த இளம்பருவத்திற்கு ‘நிம்ஃப்’ என்று பெயர்.

தென் இங்கிலாந்தின் தெளிந்த ஆறுகளில் டிரவுட் மீன் பிடிப்போர் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டுவர். சிறகு விரித்து நீர்மேல் மிதக்கும் பூச்சியின் சாயலே தகுதியானது என்று ஹால்ஃபோர்டும் அவர் வழிவந்தோரும் நெடுங்காலம் வற்புறுத்தினர். மீன் தன் உணவில் பெரும்பகுதியை நீருக்கடியில் அன்றோ உண்கிறது என்று வாதிட்டார் ஸ்க்யூஸ். 1938ஆம் ஆண்டு இலண்டனில் இதற்கெனவே ஒரு விவாதம் நடந்தது; முதுமையுற்றிருந்த ஸ்க்யூஸின் பக்கம் நின்றோர் சிலரே.

அவர் கருத்திற்கு எளிய வடிவம் தந்தவர் ஃபிராங்க் சாயர். வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் காவலராக 1928இல் பணியேற்றவர். 1980இல் அந்த ஆற்றங்கரையிலேயே உயிர்நீத்தவர். அவர் கட்டிய நிம்ஃபுக்கு வேண்டியவை இரண்டே: ஃபெசன்ட் என்னும் பறவையின் செம்பழுப்பு வால் இறகிலிருந்து நான்கு இழைகள், மயிரிழை போன்ற செப்புக்கம்பி. நூலே கிடையாது.

முள்ளைப் பிடிகருவியில் பொருத்திக் கம்பியைச் சுற்றுகிறார். மார்புப் பகுதியில் சற்றே திமிலாக்குகிறார். இழைகளின் நுனிகளை வாலாக நீட்டிக் கட்டுகிறார். பின் இழைகளைக் கம்பியோடு முறுக்கி முன்னோக்கிச் சுற்ற, உடல் உருவாகிறது. எஞ்சிய இழைகளை மார்பின்மேல் முன்னும் பின்னுமாக மடித்துக் கட்ட, விரியக் காத்திருக்கும் சிறகின் உறை தோன்றுகிறது. கட்டுவதும் கம்பியே, பூச்சியை ஆழத்திற்கு இறக்கும் எடையும் கம்பியே, உடலின் மினுமினுப்பும் அதுவே.

கால்கள் எங்கே? பிறர் இறகுத் தூவியால் கால்கள் அமைத்தனர். சாயரோ அவற்றை விட்டுவிட்டார். நீந்தும்போது அவ்வகை நிம்ஃப் தன் கால்களை உடலோடு ஒடுக்கிக்கொள்ளும் என்பதை அவர் நாள்தோறும் ஆற்றினுள் உற்றுநோக்கிக் கண்டிருந்தார். விட்டது சோம்பலால் அன்று, கண்டதால்.

பல ஆண்டுகளாக மறையுரை ஆற்றிவரும் எனக்கு இது பெரிய பாடம். சேர்ப்பது எளிது, எதை விடலாம் என அறிவதற்கு நெடுநாள் பார்த்திருக்க வேண்டும். மனிதரையும் நாம் அவர்கள் சிறகு விரித்த நாளில்தான் காண்கிறோம்: மணமேடையில், பட்டமளிப்பில், சவப்பெட்டிக்கு அருகே. அடியில் கழிந்த ஆண்டுகளை யார் கண்டார்? காணாதவற்றை நாமே கற்பனையால் நிரப்பி, அவர் இப்படிப்பட்டவர் என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

அன்பர்களே, அந்த அழகிய பூச்சியின் நடுவே இருப்பது கூர்முள் என்பதையும் மறக்கலாகாது. அத்தனை நுட்பமும் ஒரு மீனை ஏமாற்றுவதற்கே. ஏமாற்றுவதற்கே இவ்வளவு பொறுமையாக ஓர் உயிரை உற்றுநோக்க வேண்டியிருந்தது எனில், அன்பு செய்வதற்கு எவ்வளவு நோக்க வேண்டும்!